அலை போட்டுத் தரும் ஓடுபாதை

அலை பின்வாங்கிப்போன ஈரமணலில் பாதத்தை அழுத்தி ஊன்றிப் பாருங்கள். பாதத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு மணல் சட்டென்று வெளுத்துக் காய்ந்துபோகும். காலை எடுத்ததும் அந்த வெளுப்பு மறையும். தடத்துக்குள் நீர் ஊறிப் பளபளக்கும். கடற்கரையில் நடந்த எல்லாரும் இதைப் பார்த்திருப்பார்கள். நம் எடை தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிட்டது என்று எண்ணிக்கொண்டு கடந்தும் போயிருப்பார்கள். நடப்பதோ அதற்கு நேர் எதிரானது. கால் பட்ட இடத்தில் தண்ணீர் வெளியேறவில்லை, உள்ளே இறங்கிவிட்டது.

இதற்கு விளக்கம் சொன்னவர் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். மான்செஸ்டரில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். திரவங்களின் ஓட்டத்தைப் படிக்கும் மாணவர்கள் முதல் பாடத்திலேயே சந்திக்கும் ரெனால்ட்ஸ் எண் இவர் பெயரில்தான் இருக்கிறது. 1885-இல் அவர் மணலைப் பற்றி எழுதினார். அலை வந்து வந்து தட்டிய மணல், படியைக் குலுக்கிக் குலுக்கி நிரப்பிய அரிசி மாதிரி. ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் நடுவே மிச்ச இடமே இல்லாதபடி நெருங்கிக் கிடக்கும். அதன்மேல் காலை வைத்தால் மணிகள் நகர வேண்டும். நகர இடமில்லாததால் ஒன்றன்மேல் ஒன்று ஏறித்தான் ஆக வேண்டும். அப்படி ஏறும்போது மணல் அமுங்குவதற்குப் பதிலாக விரிகிறது. மணிகளுக்கு இடையே புதிதாக உண்டான வெற்றிடத்தை நிரப்ப மேற்பரப்பில் இருந்த நீர் உள்ளே உறிஞ்சப்படுகிறது. மேலே காய்ந்த வட்டம் தெரிவது அதனால்தான். மணலும் நீரும் நிரப்பிய ரப்பர் பையை அழுத்தினால் நீர் வெளியே வராமல் உள்ளே போகும் என்பதை ரெனால்ட்ஸ் எல்லார் முன்னிலையிலும் செய்தே காட்டினார்.

ஓடுகிறவருக்கு இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. நீர் உள்ளே உறிஞ்சப்படும் அந்தக் கணத்தில் மணிகளுக்கு நடுவே அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் மணிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஓடும்போது பாதம் தரையில் இருப்பது கால் நொடிக்கும் குறைவான நேரம். அந்த நேரத்துக்குள் நீர் ஓடிவந்து வெற்றிடத்தை முழுக்க நிரப்ப முடியாது. அதனால் கால் பட்ட கணத்தில் மணல் கெட்டிப்படுகிறது, தாங்குகிறது, காலைத் திருப்பிக் கொடுக்கிறது. அதே இடத்தில் அசையாமல் நின்று பாருங்கள். நீர் ஊறிவிடும். அடுத்த அலை வந்து குதிகாலுக்குக் கீழே இருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகும். கணுக்கால்வரை புதைந்துவிடுவீர்கள். ஓடினால் தாங்குகிற மணல், நின்றால் புதைக்கிறது. கடற்கரை ஓட்டத்தின் முதல் இன்பம் இங்கேதான் பிறக்கிறது என்பேன்.

இதை அனுபவிக்கக் கோவளம் நல்ல இடம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே 40 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது. வடக்கே முட்டுக்காட்டுக் கழி கடலைத் தொடும் முகத்துவாரம். தெற்கே மாமல்லபுரம் வரைக்கும் மணல். நடுவில் மீனவர் குப்பம், கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகள், காயும் வலைகள், கார்மேல் மாதா கோயில், தமீம் அன்சாரி தர்கா. 2021-இல் கோவளம் கடற்கரைக்கு, தூய்மையான கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அலைச்சறுக்கு விளையாட்டுக்காக இந்த ஊரைத் தேடி வெளிநாட்டவரும் வருகிறார்கள். அலையைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. அந்த அலை கரையில் விரித்துவிட்டுப் போகும் தரையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

ஓடுகிறவரின் கண்ணுக்கு அந்தக் கரை மூன்று பட்டைகளாகத் தெரியும். மேலே காய்ந்த மணல். அங்கே மணிகளைப் பிடித்துவைக்க உராய்வைத் தவிர வேறொன்றும் இல்லை. கால் வைத்தால் மணல் பக்கவாட்டில் வழிந்து ஓடும். கால் பொதபொதவென்று இறங்கும். கீழே, அலை இன்னும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், மணிகளின் இடைவெளி முழுக்க நீர் நிறைந்திருக்கும். அலை ஏறி இறங்கும் நேரத்தில் அந்த மணல் குழம்புபோல இளகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டை இருக்கிறது. அலை கொஞ்ச நேரத்துக்கு முன் விட்டுப்போன இடம். நீர் வடிந்திருக்கும், ஈரம் போயிருக்காது. இதுதான் ஓடுபாதை.

நடுப்பட்டையில் வேறொரு விசையும் வேலை செய்கிறது. இரண்டு மணிகள் தொடும் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தத் துளியின் பரப்பு இழுவிசை இரண்டு மணிகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். குழந்தைகள் கட்டும் மணல்கோட்டை சரியாமல் நிற்பதும் இதே துளிகளின் தயவில்தான். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டேனியல் பான் குழுவினர் 2012-இல் இதை அளந்து பார்த்தார்கள். மணலின் கன அளவில் ஏறக்குறைய ஒரு சதவீதம் நீர் இருந்தாலே போதும், கோட்டை மிக உறுதியாக நிற்கும் என்று கண்டார்கள். நீர் அதைவிடப் பெருகப் பெருகத் துளிகள் ஒன்றோடொன்று கலந்து பிடிமானத்தை இழக்கும். ஒரு சொட்டு ஈரம் கெட்டிப்படுத்துகிறது, ஒரு குடம் இளக்கிவிடுகிறது.

நம் கரையில் இந்த நடுப்பட்டை குறுகலானது. காரணம் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் ஓதம் 10 மீட்டர் உயரத்தைத் தொடும். தண்ணீர் வற்றினால் சேறும் மணலுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்துகிடக்கும். சென்னைக் கரையிலோ அமாவாசை, பௌர்ணமி நாட்களில்கூடக் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் சொச்சம்தான். கரை பத்து அடிக்கு ஓரடி என்ற சரிவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் ஏற்ற இறக்கத்தில் வெளிப்படுவது 10 மீட்டர் அகலம்தான். அதிலும் நல்ல கெட்டித்தரை மூன்று நான்கு மீட்டர் தேறினால் அதிகம். ஒரு நாளில் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. அந்த நேரமும் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். இன்று காலை ஆறு மணிக்கு அருமையாக இருந்த பாதை அடுத்த வாரம் அதே ஆறு மணிக்குத் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். பூங்காவிலும் சாலையிலும் ஓடிப் பழகியவர்களுக்கு இது தொல்லையாகப்படலாம். எனக்கு இதுதான் ஈர்ப்பு. நம் கைக்கடிகாரத்துக்குக் கட்டுப்படாத ஓடுபாதை ஒன்று நகரத்துக்கு இவ்வளவு அருகில் கிடைத்திருக்கிறது.

பட்டை மாறினால் உடம்பு கொடுக்கும் விலையும் மாறும். பெல்ஜியத்தின் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் லெஜூன், வில்லெம்ஸ், ஹெக்லண்ட் என்ற மூவர் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு இன்றும் அடிப்படை. காய்ந்த மணலில் நடக்கக் கெட்டித்தரையில் ஆவதைப்போல 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் செலவாகிறது. ஓடவோ 1.6 மடங்குதான். நடப்பவர்தான் அதிகத் தண்டம் கட்டுகிறார்! முதலில் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. யோசித்தால் பொருந்துகிறது. கெட்டித்தரையில் நடப்பது மிகச் சிக்கனமான வேலை. உடல் ஊன்றிய காலின்மேல் ஊசல்போல எழும்பி இறங்கி, ஓரடியில் கிடைத்த ஆற்றலை அடுத்த அடிக்குக் கடத்துகிறது. மணல் அந்தச் சிக்கனத்தைக் கெடுத்துவிடுகிறது. ஒவ்வோர் அடியிலும் பாதம் மணலைத் தள்ளி நகர்த்த வேண்டியிருக்கிறது; அந்த வேலை திரும்பக் கிடைக்காது. ஓட்டத்தில் மணலைத் தள்ளுவதற்கு ஆகும் கூடுதல் வேலை மொத்தத்தில் சிறு பங்குதான்; மொத்த வேலை கெட்டித்தரையில் ஆவதைப்போல 1.15 மடங்கு என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அப்படியானால் மீதிச் செலவு எங்கே போகிறது?

பதில் நம் கால்களில் இருக்கிறது. குதிகாலுக்கு மேலே கெண்டைக்கால் தசையை எலும்போடு கட்டும் பெரிய நாண், பாதத்தின் அடிவளைவு, இரண்டும் சுருள்வில்லாக வேலை செய்கின்றன. பாதம் தரையில் படும்போது நீண்டு ஆற்றலைச் சேமிக்கின்றன; கிளம்பும்போது சுருங்கித் திருப்பிக் கொடுக்கின்றன. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் மெக்நீல் அலெக்சாண்டர் குழுவினர் 1987-இல் இதைக் கணக்கிட்டார்கள். ஓடும்போது ஓரடியில் கைமாறும் ஆற்றலில் ஏறக்குறைய 35 சதவீதத்தைக் குதிகால் நாணும், 17 சதவீதத்தைப் பாத வளைவும் சேமித்துத் தருகின்றன. பாதிக்கும் மேல் நமக்கு இனாமாகக் கிடைக்கிறது. ஆனால் வில் இழுபட வேண்டுமானால் தரை எதிர்த்து நிற்க வேண்டும். காய்ந்த மணல் எதிர்க்காது, விலகிவிடும். நாண் முழுதாக நீளாது. நாண் செய்யாத வேலையைத் தசை தன் சொந்தச் செலவில் செய்ய வேண்டும். மறுநாள் கெண்டைக்கால் வலிக்கிறது என்றால் அதன் பொருள் இதுதான்.

இரவில் கடலாமைகளுக்காகக் கரையில் நடக்கும் தன்னார்வலர்களை இந்தக் கணக்கோடு நினைத்துப் பார்க்கிறேன். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு 1988 முதல் இயங்கிவருகிறது. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை இரவு முழுக்க நடந்து கூடுகளைத் தேடுகிறார்கள். ஆமைகள் கூடு தோண்டுவது அலை எட்டாத காய்ந்த மணலில். ஆகவே நடப்பவர்களும் அங்கேயேதான் கண் வைத்திருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் நடந்தால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடந்த களைப்பு.

மணலில் எப்படிக் கால் வைப்பது என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒரு எந்திரத்திடமிருந்து வருகிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் சென் லீ, டேனியல் கோல்ட்மன் முதலானோர் ஆறு கால்கொண்ட ஒரு சிறு ரோபோவை மணிகள் நிரப்பிய தொட்டியில் ஓடவிட்டார்கள். அந்த மணிகள் வேறொன்றுமில்லை, கசகசா. கெட்டித்தரையில் விரைந்து ஓடிய ரோபோ அதே கால்வீச்சில் கசகசாவில் விட்டதும் இருந்த இடத்திலேயே துழாவிக்கொண்டு நின்றது. காலின் சுழற்சியை மாற்றி, ஊன்றும் கட்டத்தில் மெதுவாக இறங்கும்படி செய்ததும் நகரத் தொடங்கியது. மெதுவாக இறங்கும் கால் தனக்குக் கீழே மணிகளை அழுத்தித் திடப்படுத்திக்கொண்டு, பிறகு அந்தத் திடத்தின்மேல் உடலை ஏற்றுகிறது. அவசரப்பட்டுக் கிளறும் கால் மணலைத் திரவமாக்கிவிட்டு அதில் நீந்த முயல்கிறது. 2009-இல் வெளியான முடிவு இது. எந்திரத்துக்குச் சொன்னது மனிதக் காலுக்கும் பொருந்தும் என்று ஓடிப் பார்த்த அனுபவத்தில் சொல்வேன்: காய்ந்த மணலில் அடி சிறிதாக இருக்கட்டும், பாதம் முழுதாகப் படட்டும், கிளம்பும்போது விரலால் உந்தித் தள்ள வேண்டாம்.

தவறு செய்தீர்களா என்று தெரிந்துகொள்ளப் பயிற்சியாளர் தேவையில்லை. நடுப்பட்டையில் நூறடி ஓடிவிட்டுத் திரும்பிப் பாருங்கள். நல்ல அடியின் தடம் ஆழம் குறைவாக, ஓரம் சிதையாமல் இருக்கும். ஐந்து விரல்களும் தனித்தனியே தெரியும். உந்தித் தள்ளிய அடியில் பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி விழுந்திருக்கும். அதற்குப் பின்னால் மணல் பாளமாக வெடித்து ஒரு சிறு வரப்பாக எழும்பியிருக்கும். அந்த வரப்பில் இருக்கும் மணலை நகர்த்தியது உங்கள் மூச்சு. குதிகால் மட்டும் ஆழப் பதிந்திருந்தால், காலை உடம்புக்கு முன்னால் எட்டி வைத்து ஒவ்வோர் அடியிலும் தடை போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறீர்கள். களைப்பு கூடக் கூடத் தடம் மாறுவதையும் பார்க்கலாம். போகும்போது நேர்க்கோட்டில் இருந்த தடங்கள் திரும்பும்போது அகன்று, கால்விரல் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். தார்ச்சாலை இப்படி எதையும் எழுதி வைத்துக் காட்டாது. இந்த ஏட்டைப் படிக்க அடுத்த பெரிய அலை வரும்வரைதான் அவகாசம்.

கரையின் சரிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் காயங்கள் பல அங்கிருந்துதான் வருகின்றன. நம் கரையில் வடக்கு நோக்கி ஓடினால் கடல் வலக்கைப் பக்கம். வலது கால் பள்ளத்திலும் இடது கால் மேட்டிலும் படும். ஒரு கால் மற்றதைவிட நீளமாக இருப்பவர் ஓடுவதற்குச் சமம் இது. இடுப்பு ஒருபக்கம் சாயும். மேட்டுக் காலின் பாதம் உள்நோக்கி மடங்கும். முழங்காலின் வெளிப்புறம் இழுக்கும். கோவளத்திலிருந்து ஒரே திசையில் மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டு ஆட்டோ பிடித்துத் திரும்புவது நல்லதல்ல. போன தூரத்தைத் திரும்ப ஓடினால் இரண்டு கால்களுக்கும் கணக்குச் சமமாகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றின் பேரலைகள் மணலை வாரிக்கொண்டு போய்க் கரையைச் செங்குத்தாக்கிவிடும். அந்த மாதங்களில் சரிவும் கூடுதல், பட்டையும் குறுகல். அலை அடங்கியபிறகு கடல் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடும். முகத்துவாரம் திறந்து கழிநீர் ஓடும் நாட்களில் அதைக் கடக்கவே கூடாது. அங்கே மணல்திட்டு ஓரமாக அரிபட்டுக் காலோடு சரியும்.

மணலில் பயிற்சி பெற்றுப் பெரிய பந்தயங்களை வென்றவர்கள் உண்டு. ஆஸ்திரேலியாவில் போர்ட்சீ என்ற கடற்கரையூரில் பெர்சி செருட்டி என்ற பயிற்சியாளர் தம் மாணவர்களை மணல்மேடுகளில் ஏறி இறங்கவிட்டார். அவர்களில் ஒருவரான ஹெர்ப் எலியட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1500 மீட்டரை 3 நிமிடம் 35.6 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார். நமக்கு நெருக்கமான கதை கேரளத்தின் பய்யோலி. ஓ.எம். நம்பியார், பி.டி. உஷாவை அந்தக் கடற்கரை மணலில் ஓடவிட்டுத் தயார்செய்தார். 1984 லாஸ் ஏஞ்சலஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் உஷா 55.42 விநாடியில் முடித்தார். வெண்கலம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் கைநழுவியது. நல்ல ஓடுதளம் இல்லாத ஊரில் கடற்கரையே ஓடுதளமாயிற்று. அதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. மணலில் குதித்துப் பயிற்சி செய்த கால்பந்து வீரர்களையும் புல்லில் செய்தவர்களையும் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2008-இல் வெளியிட்டார்கள். மணல் அணிக்குத் தசைவலி குறைவு. வேகத்தில் கண்ட முன்னேற்றம் இரு அணிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மணல் மூச்சையும் தசையையும் கடுமையாக வேலை வாங்குகிறது, மூட்டுகளை அதிராமல் விட்டுவிடுகிறது.

பயிற்சி, பதக்கம் எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். கடற்கரையில் ஓட ஆசை வருவதற்குக் காரணம் வேறு. சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களில் பெண்கள் கரையில் அலவனை, அதாவது நண்டை, விரட்டி விளையாடுவது திரும்பத் திரும்ப வருகிறது. அலவனாட்டு என்றே அதற்குப் பெயர். கோவளத்தில் விடியற்காலையில் இறங்கினால் இன்றும் அதை ஆடலாம். மணல் நிறத்திலேயே இருக்கும் குழிநண்டு, கண்களைக் குச்சிபோல நிமிர்த்திக்கொண்டு நம்மைப் பார்க்கும். ஓரடி எடுத்தால் காணாமல்போகும். அதன் ஓட்டத்தைப் பர்ரோஸ், ஹாய்ல் என்ற இருவர் 1973-இல் ஆராய்ந்தார்கள். மெதுவாகப் போகும்போது எல்லாக் கால்களையும் பயன்படுத்தும் நண்டு, வேகமெடுக்கும்போது சிலவற்றை மேலே தூக்கிவைத்துக்கொண்டு மீதிக் கால்களில் பாய்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே உடம்பை அரைவட்டம் திருப்பி, முன்னால் இழுத்துக்கொண்டிருந்த பக்கத்தைப் பின்னால் தள்ளும் பக்கமாக மாற்றிக்கொள்கிறது. போகும் திசை மட்டும் மாறாது. நம்மால் எந்தப் பயிற்சியிலும் முடியாத காரியம்.

நண்டைவிட எளிதான போட்டியாளர் ராவணன் மீசை. கரையின் மேட்டில் ஊசியிலைகளோடு படர்ந்து மணலைப் பிடித்துவைக்கும் புல் அது. முற்றிய பெண்பூங்கொத்து முள்ளுருண்டையாகக் கழன்று விழும். கடற்காற்று அதைத் தூக்கி உருட்டிக்கொண்டு போகும். முட்களின் நுனி மட்டுமே தரையில் படுவதால் காய்ந்த மணலும் அதற்குக் கெட்டித்தரைதான். குப்பத்துப் பிள்ளைகள் உருண்டையைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். காற்று விழுந்தால் பிள்ளைகள் முந்துவார்கள், எழுந்தால் உருண்டை முந்தும். விதை பரப்ப அந்தப் புல் கண்டுபிடித்த வழி, குழந்தைகளுக்கு ஓட்டப்பந்தயமாகிவிட்டது.

இத்தனைக்கும் அடிப்படை மணல் அங்கே இருப்பது. அது ஓரிடத்தில் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்து அலைகள் கரைக்குச் சாய்வாக மோதி மணலை வடக்கே நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. ஆண்டுக் கணக்கை முடித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் மிகுதி. குறுக்கே ஒரு கல் தடுப்பு கட்டினால் அதன் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை அரிபடும். இதற்குச் சென்னையைவிடப் பெரிய சான்று வேண்டாம். 1870-களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் தடுப்பு எழுப்பத் தொடங்கியபிறகுதான் அதன் தெற்கே மெரினா இன்றைய அகலத்துக்கு விரிந்தது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் ஊருக்குள் வந்தது. ஒருவர் மாலையில் காற்று வாங்கும் மணல், இன்னொருவரின் வீட்டு வாசலில் இருந்திருக்க வேண்டிய மணல். ஆற்றிலிருந்து கடலுக்கு வரும் மணலை அள்ளியும், கரையில் கல் கொட்டியும் நாம் இதே கணக்கைத் தொடர்ந்து கெடுத்துக்கொண்டிருக்கிறோம். கல் கொட்டிய கரையில் நடுப்பட்டை என்று ஒன்று இருக்காது. அலை நேரே கல்லில் மோதும். ஓடவும் முடியாது, படகைக் கரையேற்றவும் முடியாது, கரைவலை இழுக்கவும் இடம் இருக்காது. கரைவலை இழுப்பவர்கள் இடுப்பில் கயிற்றைக் கொடுத்துப் பின்பக்கமாகச் சாய்ந்து, குதிகாலை ஈரமணலில் பதித்துப் பதித்து நகர்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பட்டை அவர்களுக்குத் தொழிற்களம். நமக்கு முன்னால் அது அவர்களுடையது. வலை இழுக்கும் நேரத்தில் ஓடுகிறவர் மேலே ஏறிச் சுற்றிப்போவதுதான் முறை.

கோவளத்தில் ஒரு பந்தயம் வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தால் எப்படி வைப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். தேதியை விருந்தினரின் வசதியைக் கேட்டு முடிவுசெய்ய மாட்டேன். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையைப் பார்த்து, மாசியிலோ பங்குனியிலோ விடிந்த சற்று நேரத்தில் கடல் வற்றும் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பேன். அந்த மாதங்களில் ஆமைகள் வரும் என்பதால் இருட்டில் விளக்கு போட்டுத் தொடங்கும் பேச்சே கூடாது. வெளிச்சம் முட்டையிட வரும் ஆமையையும் கடலுக்குப் போகும் குஞ்சுகளையும் திசைதப்ப வைக்கும். கூடுகள் இருக்கும் மேட்டுமணலில் கூட்டத்தை ஏற்றக்கூடாது. தெற்கே ஒன்றரை கிலோமீட்டரில் ஒரு கொடி நட்டு, அதைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். காலணி அவரவர் விருப்பம். பாதைக்குக் கயிறு கட்ட மாட்டேன். ஈரத்தின் கெட்டித்தரையில் ஓடினால் அலை வந்து வழிமறிக்கும். அலைக்கு அஞ்சி மேலே ஏறினால் மணல் காலை வாங்கும். ஒவ்வோர் அலைக்கும் ஒரு முடிவு எடுத்துக்கொண்டே மூன்று கிலோமீட்டர் ஓட வேண்டும். சாலை மாரத்தானில் நல்ல நேரம் வைத்திருக்கும் பலர் முதல் அரை கிலோமீட்டரில் முன்னே போய்விடுவார்கள். கொடியைச் சுற்றித் திரும்பும்போது முன்னால் இருக்கப்போவது குப்பத்துப் பிள்ளைகள் என்றே நினைக்கிறேன். ஓடும்போது அவர்கள் முன்னால் போகிறவரின் முதுகைப் பார்ப்பதில்லை, கடலைப் பார்க்கிறார்கள். வருகிற அலை எதுவரை ஏறும் என்பது அது உடைவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.